சென்னையில் துடுப்பு எங்கே வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பலகை மேல் நின்றபடி துடுப்பு போட கோவளத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன். வாடகைத் துடுப்பு அலுத்துவிட்டது, சொந்தமாக ஒன்று வேண்டும். பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகளில் 'பேடில்' என்று கேட்டால் பிக்கிள்பால் மட்டையை எடுத்து நீட்டுகிறார்கள்!

இந்த வகைத் துடுப்பு நம் உயரத்தைவிட 20 முதல் 25 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். நான் 168 செ.மீ. தம்பி என்னைவிட வளர்த்தி, அவனும் கேட்பான். அதனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருந்தால் நல்லது. ஆனால் அப்படிப்பட்ட துடுப்பில் தண்டின் துண்டுகள் சேரும் இணைப்பில் மணலும் உப்பும் ஏறி இறுகிக்கொள்ளும் என்கிறார்களே, நல்ல தண்ணீரில் கழுவினால் போதுமா?

அலுமினியம் விலை குறைவு, கனம் அதிகம். கார்பன் ஃபைபர் எடை குறைவுதான், விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பழையது யாரிடமாவது இருந்தாலும் சரி, சொல்லுங்கள். முட்டுக்காடு பக்கம் வந்து வாங்கிக்கொள்கிறேன்.