மிலிட்டரிக்காரர் வீடு: போருக்குப் போனவர்களைப் பற்றி உங்கள் அனுபவம்

அரூர் மருமகள்:
மாமியார் ஊரில் ஏரிக்கரையில் வேடியப்பன் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைத்து, சேவல் அறுத்துக் கும்பிடுவோம். பள்ளியில் தர்மபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனபோது அங்கிருந்த நடுகற்களைப் பார்த்துவிட்டு, "நம்ம சாமி மாதிரியே நிறைய நிக்குதும்மா, எல்லாம் சண்டையில செத்தவங்களாம்" என்றான் என் பையன். மாட்டை ஓட்டிப்போக வந்தவனோடு மோதி உயிர் விட்டவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். சில கற்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயது. நம் காலத்தில் போய் வந்தவர்களைப் பற்றி யார் வீட்டிலாவது பேச்சு உண்டா?

ஊத்தங்கரைக்காரன்:
ஊரில் எங்கள் வீட்டுக்குப் பெயரே மிலிட்டரிக்காரர் வீடு. அப்பா ஏ.எஸ்.சி.யில், அதாவது ராணுவத்துக்குச் சாமான் கொண்டுபோகும் பிரிவில், டிரைவர். 1987இல் இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். இது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஊர்க்காரர்கள் அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "கேன்டீன் சரக்கு இருக்கா?" அரசாங்கமும் ஒன்றுதான் கேட்கிறது. பென்ஷனுக்காக நவம்பர் மாதம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும்.

கார்கில் என்றால் மேடை போட்டு மாலை போடுகிறார்கள். ஈழத்துக்குப் போனவரை என்ன சொல்லி மேடையேற்றுவது? 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்து இறங்கியபோது மாநில முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அங்கே தமிழர்களையே சுட்ட படை என்று கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் அந்தப் படை சுட்டுக் கொன்றதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் லாரி ஓட்டு என்றால் ஓட்டியவர் அப்பா. எந்த ஊருக்கு என்று அவரா முடிவு செய்தார்?

ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே செத்தார்கள். அவர்களுக்குக் கொழும்புப் பக்கம் பத்தரமுல்லையில் இலங்கை நினைவுச்சின்னம் கட்டியிருக்கிறது. டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்தது 2019 பிப்ரவரி 25இல்தான். அப்பாவைக் கூட்டிப்போனேன். பவன் நடவடிக்கையில் (இலங்கையில் அமைதிப்படை நடத்திய சண்டைக்கு ராணுவம் வைத்த பெயர்) இறந்தவர்கள் பெயர்களில், தன்னோடு வண்டியில் போன ஒருவருடையதைத் தேடிக் கண்டுபிடித்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். நம்ம ஊர் ஆளுக்குக் கல்லைப் பார்த்தால் வேறெதுவும் தோன்றாது போல.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார். தமிழ் தெரிந்தவர் என்று செக்போஸ்டில் கேள்வி கேட்க இவரை நிறுத்துவார்களாம். பை சோதிக்கும்போது ஒரு கிழவி, "தம்பி, நீங்கள் தமிழோ?" என்றாராம். இவருக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்தியில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாராம். அம்மாவுக்கே அது புதுக்கதை.

காவேரிப்பட்டணம்:
கேட்பது சரிதான், எப்படிக் கேட்கிறோம் என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் சித்தப்பா 1999 கார்கில் சண்டையில் திராஸ் பக்கம் இருந்தவர். கல்யாண வீட்டில் ஒரு ஆள், "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்றார். சித்தப்பா பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போய்விட்டார். கேட்டவர் சாம்பார் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதுதான் எனக்கு ஆத்திரம். குளிரைப் பற்றிக் கேளுங்கள், கோவேறு கழுதை மேல் பாரம் ஏற்றியதைக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவார். அதிலிருந்து மற்றதுக்கு அவராக வந்தால் உண்டு. வராவிட்டால் நாங்கள் தோண்டுவதில்லை.

அரூர் மருமகள்:
எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார், 1971 சண்டைக்குப் போனவராம். டிசம்பர் 7 கொடி நாளுக்குப் பையன் கொடி விற்கிறான், முதல் கொடியை அவரிடம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஊத்தங்கரைக்காரன்:
என்ன வேலை பார்த்தார் என்று கேட்கச் சொல்லுங்கள் அக்கா. எங்கப்பாவிடம் சக்திமான் லாரியின் கிளட்சைப் பற்றி ஒரு வார்த்தை விட்டால் போதும், யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத்தளம் வரைக்கும் கூட்டிப்போய்விடுவார்.