சி.எஸ்.ஏ. படமும் அந்தப் பற்பசையும்

கரிசல்மண்:
கெவின் வில்மாட் இயக்கி 2004இல் வெளிவந்த ‘சி.எஸ்.ஏ.: தி கான்ஃபெடரேட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ படத்தை மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடமாகவே காட்டலாம் என்று பினாங்குத் தமிழ் நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோய் ‘கான்ஃபெடரேட்’ கூட்டமைப்பை அமைத்த தென் மாநிலங்கள் வென்றதாகவும் அடிமைமுறை இன்றுவரை நீடிப்பதாகவும் கற்பனை செய்து, அதைப் பிரிட்டிஷ் ஆவணப்படம் போல, இடையிடையே விளம்பரங்களுடன் காட்டும் நையாண்டிப் படம் அது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பெயரில் ஒரு பற்பசைக்குக்கூட அதில் விளம்பரம் வருகிறது. எந்த நிறுவனமாவது அப்படிப் பெயர் வைத்துக் கடையில் விற்குமா? அதிர்ச்சிக்காக இட்டுக்கட்டியதைப் பாடம் என்று சொல்ல வேண்டாம்.

பினாங்குத் தமிழ்:
ஐயா, நீங்கள் படத்தை இறுதிவரை பார்க்கவில்லை என்பது நன்றாகவே தெரிகிறது. விளம்பரங்களில் வந்த பொருள்கள் பலவும் உண்மையில் விற்கப்பட்டவை என்று படத்தின் முடிவில் எழுத்திலேயே காட்டுகிறார்கள். அந்தப் பற்பசையின் பெயர் ‘டார்க்கி’. ஹாலி அண்ட் ஹேசல் நிறுவனம் 1933இல் ஷாங்காயில் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. உயரமான தொப்பி, கரிய முகம், அதில் பளிச்சிடும் வெள்ளைப் பற்கள் என்று அச்சிட்ட அந்தப் பெட்டி எங்கள் குளியலறை அலமாரியில் இருந்தது. மலேசியாவில் வளர்ந்த என் தலைமுறைத் தமிழர்களைக் கேட்டுப் பாருங்கள். 1985இல் கோல்கேட் அந்த நிறுவனத்தின் பாதிப் பங்கை வாங்கிய பிறகு எழுந்த எதிர்ப்பால்தான் 1989இல் பெயர் ‘டார்லி’ ஆனது. நான் பல் துலக்கிய பொருளை இட்டுக்கட்டியது என்று சொல்ல உங்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது?

கரிசல்மண்:
ஷாங்காய் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், மிக்க நன்றி. சீனாவில் தயாரான பற்பசையை அமெரிக்க அடிமைமுறையின் தலையில் கட்டுவதைத்தான் நான் மோசடி என்கிறேன்.

பினாங்குத் தமிழ்:
நீங்கள் முதலில் கேட்டது எந்த நிறுவனமாவது விற்குமா என்பதுதான். விடை கிடைத்ததும் எந்த ஊர் என்று கேட்கிறீர்கள். அமெரிக்க உதாரணம்தான் வேண்டுமென்றால், படத்தில் வரும் ‘கூன் சிக்கன் இன்’ உணவகம் (‘கூன்’ என்பது கறுப்பினத்தவரை இழிக்கும் ஆங்கிலச் சொல்) 1925இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கப்பட்டு, சியாட்டிலிலும் போர்ட்லண்டிலும் கிளை விரித்தது. வாசலில் ஒரு கறுப்பினச் சிப்பந்தியின் கேலிமுகத்தைப் பெரிதாகச் செய்து வைத்திருந்தார்கள். ஒரு கண்ணைச் சிமிட்டும் அந்த முகத்தின் திறந்த வாய்தான் நுழைவாயில். குடும்பம் குடும்பமாக அந்த வாய்க்குள் நுழைந்து கோழிக்கறி சாப்பிட்டார்கள். யூட்டா, வாஷிங்டன், ஓரிகன் ஆகிய இம்மூன்றில் ஒன்றுகூடக் கான்ஃபெடரேட் மாநிலம் அன்று. போரில் வடக்கு வென்ற நாட்டிலேயே இவை நடந்தன என்பதுதான் வில்மாட்டின் குற்றச்சாட்டு.

மேகலா_கோவை:
அண்ணா, ஒன்று கேட்கிறேன். 2017 ஜூலையில் எச்.பி.ஓ. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி ‘கான்ஃபெடரேட்’ என்ற தொடரை அறிவித்தபோது அதுவும் இதே கற்பனைதான்: தெற்கு பிரிந்து போய்விட்டது, அடிமைமுறை தொடர்கிறது. அதைக் கைவிடச் சொல்லி எழுந்த எதிர்ப்பில் நீங்களும் சேர்ந்து கொண்டீர்கள். அது கடைசியில் எடுக்கப்படவே இல்லை. ஒன்று கேடு, மற்றொன்று பாடமா?

பினாங்குத் தமிழ்:
தங்கையே, வில்மாட் கறுப்பினத்தவர். தம் மக்கள் பட்ட இழிவை எடுத்து ஆதிக்கத்தின் முகத்தில் எறிந்தார். அந்தத் தொடரை அறிவித்தவர்கள் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எடுத்த வெள்ளையர்களான பெனியாஃபும் வைஸும். அறிவிப்பு வந்த அடுத்த மாதமே அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் கான்ஃபெடரேட் கொடியோடு வெள்ளை இனவாதிகள் ஊர்வலம் போனார்கள். அந்தக் கொடி உயிரோடு இருக்கும்போது அதன் வெற்றியை விறுவிறுப்பான தொடராக்குவது யாருக்கு இன்பம் தரும்?

மேகலா_கோவை:
அந்தத் தொடரின் எழுத்துக் குழுவில் மால்கம் ஸ்பெல்மன், நிச்செல் டிராம்பிள் ஸ்பெல்மன் என்ற கறுப்பினத் தம்பதியரும் இருந்தார்களே? அவர்களை வசதியாக மறந்துவிட்டீர்கள்.

நெய்தல்நிலவன்:
நீங்கள் எல்லோரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். பிரிட்டனும் பிரான்சும் துணைக்கு வந்ததால் தெற்கு வென்றது என்கிறது படம். 1862 செப்டம்பரில் தெற்கின் படையெடுப்பை வடக்கு தடுத்த ஆன்டீட்டம் போரும் அதையடுத்து லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனமும் வந்தபின் அதற்கு வாய்ப்பே மங்கிவிட்டது. தெற்கின் பருத்திக்காகப் பிரிட்டன் துணைக்கு வரும் என்றும் சொல்ல முடியாது; அமெரிக்கப் பருத்தி நின்றதும் அது இந்தியப் பருத்தியை நாடியது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தியும் தூத்துக்குடியில் கப்பலேறி நல்ல விலை கண்டது. மேலும், பிரேசிலே 1888இல் அடிமைமுறையை ஒழித்துவிட்டது. தெற்கு வென்றிருந்தாலும் அது தானாகவே முடிந்திருக்கும்.

கரிசல்மண்:
திருநெல்வேலிப் பருத்தி கரிசலில் விளைந்தது. அதைப் பற்றிக் கடற்கரைக்காரர் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். விலை உயர்ந்த பயன் வியாபாரிக்குப் போனது, விளைவித்தவனுக்கு வரவில்லை.

பினாங்குத் தமிழ்:
தானாகவே முடிந்திருக்குமாம்! அடிமைகளை உடைமையாக வைத்திருக்கும் உரிமையைக் குலைக்கும் எந்தச் சட்டமும் இயற்றக்கூடாது என்று அந்தக் கூட்டமைப்பின் அரசியலமைப்பே 1861இல் எழுதி வைத்தது. வெள்ளையருக்குக் கறுப்பினத்தவர் சமமல்லர் என்பதே தங்கள் அரசின் மூலைக்கல் என்று அதன் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் அதே ஆண்டு மார்ச்சில் சவானாவில் வெளிப்படையாகப் பேசினார். தோற்ற பிறகும் அலபாமா தன் கைதிகளைச் சுரங்கங்களுக்கு வாடகைக்கு விடுவதை 1928 வரை நிறுத்தவில்லை. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தோற்றவர்களே இவ்வளவு செய்தார்கள் என்றால் வென்றிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்கும் உரிமை வில்மாட்டுக்கு உண்டு.

நெய்தல்நிலவன்:
கைதி வாடகை முறையும் அடிமைமுறையும் ஒன்றல்ல. சட்டம் படித்தவன் என்பதால் சொல்கிறேன்.

பினாங்குத் தமிழ்:
சுரங்கத்துக்குள் சங்கிலியோடு செத்தவனுக்கு உங்கள் சட்டப் படிப்பால் என்ன பயன்?

கரிசல்மண்:
அலபாமா, சவானா என்று ஊர் ஊராகச் சுற்றுகிறீர்கள். ஷாங்காய்ப் பற்பசை அமெரிக்கப் படத்துக்குள் எப்படி வந்தது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

பினாங்குத் தமிழ்:
அந்தக் கரி பூசிய முகம் அமெரிக்க மேடைகளிலிருந்து ஷாங்காய்க்குப் போனது. முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராக வேடமிட்ட அல் ஜோல்சன் என்ற வெள்ளை அமெரிக்கப் பாடகரைப் பார்த்துத்தான் பெட்டியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். சீனப் பெயரில் இருந்த ‘கறுப்பர்’ என்ற சொல்லை நீக்குவதாக 2021இல்தான் அறிவித்தார்கள். இதை வேண்டுமானாலும் மறுத்து எழுதுங்கள். ஆனால் முதலில் படத்தை முழுதாகப் பாருங்கள்.

கரிசல்மண்:
பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். பற்பசை சீனாவுடையது.