கேன்டர்பரி சகவாசம் நமக்கு இன்னும் வேணுமா?

நெல்லைக்காரன்_ஓசூர்:
எல்லாருக்கும் தோத்திரம். சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷம். போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வெளியில டீ குடிச்சுக்கிட்டு நின்னப்ப ஒரு பெரியவர் இந்தத் தலைப்பைத்தான் கேட்டார். டீ ஆறிப்போச்சு, பேச்சு ஆறலை. அதான் இங்க கொண்டு வருதேன்.

தெரியாதவங்களுக்கு: கேன்டர்பரி பேராயர்னா இங்கிலாந்து திருச்சபையோட தலைமைப் பேராயர். நம்ம தென்னிந்தியத் திருச்சபையும் (சி.எஸ்.ஐ.) சேர்ந்திருக்கற உலக ஆங்கிலிக்கன் சபைகளோட கூட்டுறவுக்கு அவர்தான் மையம். அவர் கூட்டுற உலகப் பேராயர்கள் மாநாடுதான் லாம்பெத். 1998 லாம்பெத் மாநாட்டுல பேராயர்கள் 526க்கு 70ன்னு வாக்களிச்சு, திருமணம்னா ஆணும் பெண்ணும்தான்னு தீர்மானம் போட்டாங்க. 2023 பிப்ரவரியில இங்கிலாந்து திருச்சபையோட பொதுச்சங்கம் ஒருபால் தம்பதிகளுக்கு ஆசீர்வாத ஜெபம் செய்ய வழி விட்டுச்சு. அந்த டிசம்பர்லயே ஆராதனையில சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. 2025 அக்டோபர் 3ஆம் தேதி சாரா முல்லல்லி அடுத்த கேன்டர்பரி பேராயர்னு அறிவிப்பு வந்துச்சு. ரெண்டு வாரத்துல காஃப்கான் (2008ல எருசலேம்ல கூடுன இவாஞ்சலிக்கல், அதாவது வேதமே அதிகாரம்னு நிக்கற, பேராயர்கள் ஆரம்பிச்சது), இனி கேன்டர்பரி கூட்டுற எந்தக் கூட்டத்துக்கும் போகமாட்டோம், காசும் தரமாட்டோம்னு சொல்லிட்டாங்க.

நம்ம தென்னிந்தியத் திருச்சபையும் அந்தப் பக்கம் நிக்கணும்னு கேக்கேன். வேதத்தைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு படகுல கால் வைக்க முடியாது.

பென்னாகரம்_டீச்சர்:
தம்பி, கேன்டர்பரியில இருந்து உங்களுக்கு எந்த உத்தரவு வந்துச்சுன்னு இப்போ கழட்டி விடணும்? நமக்குன்னு தலைமைப் பேராயர் பதவியா மாடரேட்டர், நிர்வாகப் பேரவையா சினாட் இருக்கு. அங்க இருக்கறவங்களுக்கு நம்ம சபையில ஒரு பெஞ்சை நகர்த்தக்கூட அதிகாரம் கிடையாது.

இன்னொண்ணு. நீங்க திருநெல்வேலி, ஆங்கிலிக்கன் மிஷனான சி.எம்.எஸ். வழி, ஆங்கிலிக்கன்னா உங்க ரத்தத்துல ஓடும். எங்க பக்கம் பேராயரே இல்லாத காங்கிரகேஷனல் வழி மிஷன், எல்.எம்.எஸ். எங்க தாத்தாவுக்கு 'பேராயர்'ங்கற வார்த்தையே வேப்பங்காய். 1947 செப்டம்பர் 27 அன்னைக்கு மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், காங்கிரகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் எல்லாரும் ஒண்ணானப்போ, தலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வச்ச குழந்தை மாதிரி முகத்தைச் சுளிச்சுக்கிட்டேதான் உள்ளே வந்தாராம். அடுத்த வருஷ லாம்பெத் மாநாட்டுல நம்மளை முழுசா ஏத்துக்கறதா வேண்டாமான்னு அவங்களுக்குள்ளயே ஒத்துப்போகலை. அப்போ அவங்க நம்மளை வாசல்ல நிறுத்தினாங்க. இப்போ நாம அவங்களை நிறுத்தணுமா?

சாரா முல்லல்லி பேரை நடுவுல கொண்டுவந்தீங்களே, பொம்பளைங்கறதுதான் உறுத்துதா?

நெல்லைக்காரன்_ஓசூர்:
இல்லை டீச்சர், அதை என் தலையில கட்டாதீங்க. அந்த ஆசீர்வாத ஜெபங்களைக் கொண்டுவர முன்நின்னு வேலை செஞ்சவங்கள்ல அவங்களும் ஒருத்தர், அதுதான் என் குறை. பெண் ஊழியம் பத்தி காஃப்கானுக்குள்ளயே ரெண்டு கருத்து உண்டு. நைஜீரியா ஒத்துக்காது, கென்யாவுல 2021லயே ஒரு பெண் பேராயர் வந்தாச்சு.

பென்னாகரம்_டீச்சர்:
சரி, அதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு கணக்கு மட்டும் எழுதி வைக்கறேன். நம்ம திருச்சபையில முதல் பெண் ஆயர் 1976, இங்கிலாந்துல 1994. நந்தியாலுக்கு புஷ்பலலிதா அம்மா பேராயரானது 2013, அங்க முதல் பெண் பேராயர் 2015. இவங்க எதைச் செஞ்சாலும் வெள்ளைக்காரனைப் பார்த்துத்தான்னு பேசற ஆளுங்களுக்காக.

அரூர்_ஜெபவீரன்:
ரெண்டு பேரும் வீணா அடிச்சுக்கறீங்க. கேன்டர்பரியை விட்டா போதுமா? மொத்தமா வெளியே வாங்க. "அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோய்"னு வேதத்துல எழுதியிருக்கு. நான் ஆறு வருஷம் முன்னாடியே வந்துட்டேன்.

எங்க பழைய சபை பேர் வேண்டாம். கமிட்டி எலெக்ஷனுக்கு வேன் வச்சு ஆள் ஏத்திட்டு வந்தாங்க. வருஷம் முழுக்க முகமே காட்டாதவங்க, சந்தா பாக்கியை யாரோ கட்ட, வரிசையில நின்னு ஓட்டுப் போட்டாங்க. அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பரங்கிக்காய் எட்டாயிரம். எடுத்தவரு அதை அங்கேயே விட்டுட்டுப் போயிட்டாரு. மைக்குல பேர் வந்தா போதும், காய் எதுக்கு? குழந்தைக்குத் தண்ணி தெளிக்கறீங்களே, அது வேதத்துல எங்க? நான் ஒகேனக்கல்ல முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன்.

பென்னாகரம்_டீச்சர்:
ஒகேனக்கல்லயா? பரிசல்காரர் எவ்வளவு வாங்கினார்?

அரூர்_ஜெபவீரன்:
கேலி பண்ணுங்க டீச்சர்.

நெல்லைக்காரன்_ஓசூர்:
பிரதர், குழந்தை ஸ்நானம் ஆங்கிலிக்கன் உபதேசத்தோட 39 பிரமாணங்கள்ல 27ஆவதுலயே இருக்கு, அதுக்குள்ள இப்போ போகலை. 'வெளியே வா'ங்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுதேன்.

1966 அக்டோபர் 18. லண்டன்ல இவாஞ்சலிக்கல்காரங்க பெரிய கூட்டம். லண்டன் பிரசங்கியார் டாக்டர் லாயிட்-ஜோன்ஸ் எழும்பி, கலப்படமான சபைகள்ல இருக்கற நீங்கல்லாம் ஒண்ணா சேரணும்னு முழங்கினார். வெளியே வரச் சொல்லுதார்னுதான் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. அன்னைக்குத் தலைமை வகிச்சது ஆங்கிலிக்கன் ஆயர் ஜான் ஸ்டாட். தலைமை வகிக்கறவர் நன்றி சொல்லிட்டு உட்காருவார்னுதான எதிர்பார்ப்பாங்க? அவர் எழும்பி, சரித்திரமும் வேதமும் இதுக்கு எதிரா இருக்கு, மீதியானவங்க, அதாவது உண்மையா நின்ன சிலர், சபைக்கு உள்ளதான் இருந்தாங்கன்னு எல்லார் முன்னாலயும் மறுத்தார். கடைசி வரைக்கும் ஆங்கிலிக்கனாத்தான் இருந்தார். நானும் அந்த வழிதான். திருச்சபையை விடச் சொல்லலை, தப்பான உறவை விடச் சொல்லுதேன்.

கிருஷ்ணகிரி_லுத்தரன்:
வேற வீட்டு விஷயம், ஆனாலும் நுழையறேன். எங்க மிஷன் இங்க வந்ததே இப்படி ஒரு விவகாரத்துலதான். நேதர், மோன் ரெண்டு பேரும் ஜெர்மன் லுத்தரன் மிஷனான லைப்சிக் மிஷன்ல இருந்தவங்க. வேதம் முழுசும் தேவ ஆவியால வந்ததா இல்லையாங்கற சண்டையில அங்கிருந்து விலகி, அமெரிக்காவுல மிசௌரி லுத்தரன் சபைகூட சேர்ந்தாங்க. 1895ல நேதர் நம்ம கிருஷ்ணகிரிக்கு வந்தார். 1904ல பிளேக்ல செத்துப்போனார். அந்த உபதேசச் சண்டை என்னன்னு எங்க சபையில இப்போ பத்துப் பேரைக் கேளுங்க, ஒருத்தருக்கும் தெரியாது. பிளேக் தெரியும்.

நெல்லைக்காரன்_ஓசூர்:
அருமை அண்ணே. சத்தியத்துக்காக விலகினவர் வெறுங்கையோட போகலைன்னு தெரியுதுல்ல.

பென்னாகரம்_டீச்சர்:
சத்தியத்துக்காக விலகறதுன்னா எனக்கு இன்னொரு தேதி ஞாபகம் வருது. 2012 நவம்பர் 7. தர்மபுரி பக்கத்துல நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு சாதிக் கலப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி 200க்கு மேல தலித் வீடுகளை எரிச்சாங்க. என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணோட வீடும் போச்சு. பத்தாவது மார்க் ஷீட்டை ஒரு பிஸ்கட் டப்பாவுல பத்திரமா வச்சிருந்தா. டப்பா இருந்தது, உள்ளே கறுப்புச் சருகுதான். தொட்டதும் உதிர்ந்துடுச்சு.

அது புதன்கிழமை. ஞாயித்துக்கிழமை நான் போன சபையில பொது ஜெபத்துல மழைக்கும் பரீட்சைக்கும் தேசத் தலைவர்களுக்கும் ஜெபிச்சோம். பன்னெண்டு கிலோமீட்டர்ல இருக்கற ஊர் பேர் வரலை. 'அரசியல் வேண்டாம்'னு யாரோ சொல்லியிருக்காங்க. லண்டன்ல யார் யாரை ஆசீர்வதிக்கறாங்கன்னா மட்டும் அது வேத சத்தியம், இது அரசியலா தம்பி?

அரூர்_ஜெபவீரன்:
இதுக்குத்தான் சொல்றேன், வெளியே வாங்கன்னு.

பென்னாகரம்_டீச்சர்:
உங்க அசெம்பிளியில அந்த ஞாயிறு என்ன ஜெபம் பண்ணாங்க பிரதர்?

கிருஷ்ணகிரி_லுத்தரன்:
பிரதர் ஆஃப்லைன் போயிட்டார்னு நினைக்கறேன்.

நெல்லைக்காரன்_ஓசூர்:
டீச்சர், அது தப்பு. மன்னிப்பு கேக்க வேண்டிய தப்பு. ஆனா அதை இவாஞ்சலிக்கல் தப்புன்னு சொல்லாதீங்க. தமிழ்ச் சபைகள்ல சாதிக்கு முதல்ல பெரிய அடி கொடுத்ததே ஒரு இவாஞ்சலிக்கல் ஆங்கிலிக்கன்தான். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், 1833ல எழுதின கடிதம்: சாதி வித்தியாசத்தை உறுதியா, உடனே, முடிவா விட்டுடணும். 'கொஞ்சம் கொஞ்சமா'ங்கற பேச்சே இல்லை. தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் சபை ரெண்டாச்சு. ஆள் குறையும்னு தெரிஞ்சுதான் செஞ்சார்.

கிருஷ்ணகிரி_லுத்தரன்:
அப்படிக் கோவிச்சுக்கிட்டவங்கள்ல பல பேரை லைப்சிக் மிஷன் வாங்க வாங்கன்னு சேர்த்துக்கிச்சு. எங்க பக்கத்துக் குறையையும் நானே சொல்லிடறேன்.

பென்னாகரம்_டீச்சர்:
தம்பி, வில்சன் கடிதத்தைச் சொன்னதுக்கு நன்றி, இது என் பக்கத்துச் சாட்சி. அவர் உறவை முறிக்கச் சொன்னது கண்ணு முன்னால, ஒரே திருவிருந்துப் பந்தியில யார் முன்னாடி யார் பின்னாடிங்கற விஷயத்துல. அதுக்கு அவருக்கு விலை கொடுக்க வேண்டி இருந்தது. கேன்டர்பரியை விடறதால உங்க சபையில ஒரு ஆளாவது கோவிச்சுக்கிட்டுப் போவாரா? கைதட்டுவாங்க. ஒரு பைசா செலவில்லாத வைராக்கியம்.

உபதேசம் சரியா இருந்தா மத்ததெல்லாம் தானா சரியாகிடும்னும் சொல்லாதீங்க. இங்கிலாந்து வக்கீல் ஜான் ஸ்மைத் பையன்களை அடிச்சுச் சித்திரவதை பண்ணது அந்த நாட்டு இவாஞ்சலிக்கல் முகாம்கள்ல இருந்து பிடிச்சுத்தான். வருஷக்கணக்கா மூடி வச்சாங்க. 2024 நவம்பர்ல அறிக்கை வந்து, அப்போ கேன்டர்பரி பேராயரா இருந்த ஜஸ்டின் வெல்பியே பதவி விலகறேன்னு சொல்ல வேண்டியதாச்சு.

நெல்லைக்காரன்_ஓசூர்:
ஸ்மைத் விஷயத்துல எனக்கு வாய் இல்லை. வெட்கம்.

ஆனா செலவில்லைங்கறதை ஒத்துக்கமாட்டேன். ஆப்பிரிக்கச் சபைகள் பல, வெளிநாட்டுப் பணம் நிக்கும்னு தெரிஞ்சே பேசினாங்க. அதோட, இங்க ஒரு தப்பைக் கண்டிக்கலைங்கறதுக்காக அங்க ஒரு தப்பைக் கண்டிக்கக் கூடாதுன்னா, எவனும் எதையும் கண்டிக்க முடியாது. ரெண்டையும் பேசுவோம்னு சொல்லுங்க, வருதேன். எங்க சபையில நவம்பர்ல அந்த மூணு ஊர் பேரைச் சொல்லி ஜெபிக்கணும்னு ஆயர்கிட்ட நானே கேக்கேன். நீங்க காஃப்கானோட 2008 எருசலேம் அறிக்கையில இருக்கற 14 கூற்றையும் வாசிச்சு, எது தப்புன்னு சொல்லுங்க. ஆரம்பத்துல இருந்து உபதேசம் சரியா தப்பாங்கறதுக்கு மட்டும் பதிலே வரலை.

பென்னாகரம்_டீச்சர்:
வாசிக்கறேன். ஆயர் என்ன சொன்னார்னு நீங்களும் இங்கேயே எழுதணும், 'அரசியல் வேண்டாம்'னு சொன்னாலும் மறைக்காம. இப்போ 42 பேப்பர் திருத்த இருக்கு.

கிருஷ்ணகிரி_லுத்தரன்:
பரங்கிக்காய் கடைசியில யாருக்குப் போச்சுன்னு ஜெபவீரன் பிரதர் சொல்லவே இல்லையே.

அரூர்_ஜெபவீரன்:
ஆயர் வீட்டுக்கு. நாலு நாள் பரங்கிக்காய் குழம்பாம்.