இரத்தத்தில் ஈயம் 52: கீலேஷன் மருந்தை எந்த அளவில் கொடுப்பது?

காட்பாடிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 31, எடை 60 கிலோ. பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, தகடுகளை உருக்கி ஈயக்கட்டி வார்க்கும் கொட்டகை ஒன்றில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறான். களைப்பு தீரவில்லை என்று பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 52 மைக்ரோகிராம் இருப்பதாகத் தெரிந்தது. அவனுடைய நான்கு வயது மகளுக்கு 16. வேலையை உடனே விடவேண்டும், ஒரு மாதம் கழித்து மறுபடியும் இரத்தம் பார்க்கவேண்டும் என்று சொன்ன மருத்துவர், ஈயத்தைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றும் கீலேஷன் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை.

வீட்டில் யாருக்கும் இது மனநிறைவு தரவில்லை. உறவினர் ஒருவர் அழைத்துச் சென்ற தனியார் சிகிச்சை நிலையத்தில் ஒரு மாத்திரையைக் கொடுத்து, அடுத்த ஆறு மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, ஈயமும் பாதரசமும் அபாய அளவில் இருப்பதாகச் சிவப்புக் கோடிட்ட அறிக்கையைத் தந்தார்கள். இடிடிஏ என்ற கீலேஷன் மருந்தை வாரம் ஒன்றாக 20 டிரிப் ஏற்றவேண்டுமாம். இணையக் குழு ஒன்றிலோ, டிஎம்எஸ்ஏ என்ற இன்னொரு கீலேஷன் மருந்தை மிகச் சிறிய அளவில் நான்கு மணிக்கொருமுறை, இரவிலும் அலாரம் வைத்து எழுந்து, மூன்று நாள் விழுங்கிப் பிறகு சில நாள் நிறுத்தச் சொல்கிறார்கள். இவற்றுள் எந்த அளவு முறை பாதுகாப்பானது?

சத்துவாச்சாரி மருந்தாளுநர் (ஓய்வு)

தம்பி, முதலில் அந்தச் சிறுநீர் அறிக்கையை ஓரமாக வையுங்கள். ஊர்க்கிணறு எதில் பாதாளக்கரண்டியை விட்டுத் துழாவினாலும் ஏதாவது ஒரு வாளியோ சொம்போ சிக்கத்தான் செய்யும். கீலேஷன் மருந்து கொடுத்தபின் யாருடைய சிறுநீரைப் பார்த்தாலும் உலோகம் கூடுதலாகத்தான் தெரியும். அதை மருந்து கொடுக்காதவர்களுக்கான அளவுகோலோடு ஒப்பிட்டுச் சிவப்புக் கோடு போடுவது ஏமாற்று வேலை என்பது என் கருத்து. இப்படி மருந்து கொடுத்துச் செய்யும் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை நிறுவப்படவில்லை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பே அறிவித்திருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் நம்பத்தக்க எண், நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் கண்ட 52 ஒன்றுதான்.

அடுத்து, டிரிப். அவர்கள் ஏற்றுவது எந்த இடிடிஏ என்று பாட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஈயத்துக்கு உரியது கால்சியம் டைசோடியம் இடிடிஏ; அதில் கால்சியம் முன்பே பிணைந்திருப்பதால் ஈயம் வந்ததும் கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பற்றிக்கொள்ளும். வெறும் டைசோடியம் இடிடிஏ இரத்தத்தில் உள்ள கால்சியத்தையே கவ்விக்கொள்வதால், வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும். 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் கீலேஷனின்போது கால்சியம் குறைந்து மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் ஐந்து வயதுச் சிறுவன். அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பாட்டில்களில் ஒரு சொல்தான் வேறுபாடு என்பது, மருந்துக் கிடங்கில் பல ஆண்டுகள் நின்ற எனக்கு இன்றும் பதற்றம் தரும் செய்தி. சரியான மருந்தைக்கூட வாரம் ஒன்றாக ஏற்றுவதில்லை. உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1500 மில்லிகிராம் என ஐந்து நாள், சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி மருத்துவமனையில் ஏற்றுவார்கள்.

டிஎம்எஸ்ஏவுக்கு நிறுவப்பட்ட முறை வேறு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் எட்டு மணிக்கொருமுறை 5 நாள், பிறகு அதே அளவு பன்னிரண்டு மணிக்கொருமுறை 14 நாள், ஆக 19 நாள். அடுத்த சுற்றுக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி. 1991-இல் அமெரிக்காவில் இது 45-க்கு மேற்பட்ட ஈய அளவு கொண்ட குழந்தைகளுக்காக ஒப்புதல் பெற்றது. பெரியவர்களுக்குக் கடுமையான அறிகுறி இல்லாதவரை வழக்கமாக 70-க்கு மேல்தான் மருந்தை யோசிப்பார்கள். உங்கள் தம்பிக்குப் பொறுக்கமுடியாத வயிற்றுவலி, கைமணிக்கட்டுத் தொய்வு, மனக்குழப்பம் எதுவும் வந்தால் கணக்கு மாறும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆரணி வாசகர்

மருந்தாளுநர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் சிறு அளவு முறையை ஒரே வரியில் தள்ளிவிட வேண்டாம். டிஎம்எஸ்ஏ சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இடைவெளி நீண்டால், பற்றிய உலோகத்தை நடுவழியில் விட்டுவிட்டு, அது வேறு உறுப்பில் போய்ப் படிய வழிசெய்யும் என்பதே அந்த இணையக் குழுவினரின் வாதம். மேலும், இதயநோயாளிகள் 1708 பேரிடம் நடந்த டாக்ட் ஆய்வில் டைசோடியம் இடிடிஏவைத்தான் ஏற்றினார்கள். சிறிது பயன் தெரிந்ததே?

சத்துவாச்சாரி மருந்தாளுநர் (ஓய்வு)

ஐயா, இரண்டும் நியாயமான கேள்விகள். டாக்ட் ஆய்வில் ஒவ்வொரு டிரிப்பையும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல், கண்காணிப்போடு ஏற்றினார்கள். பயனும் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளிடம் தெரிந்தது. அதனால் சர்க்கரை நோயுள்ள வேறு இதயநோயாளிகளிடம் நடத்திய இரண்டாம் ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது: இரத்த ஈயம் 61 விழுக்காடு குறைந்தது, ஆனால் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. எண் இறங்குவதும் ஆள் தேறுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நான்கு மணி நேர முறையின் தர்க்கம் காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எட்டு மணி நேர முறையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வு எதையும் நான் கண்டதில்லை. சிறு அளவு என்பதனாலேயே வெள்ளணுக் குறைவும் கல்லீரல் நொதி உயர்வும் வராது என்று நம்பி, இரத்தப் பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்குவதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

இன்னொன்று: ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் உறங்குகிறது. மருந்து இரத்தத்தைக் கழுவியதும் எலும்பிலிருந்து மறுபடியும் கசிந்து அளவு ஏறும். கொட்டகைக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிடுவது, ஓட்டைப் படகில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

வேலூர் செவிலியர்

குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். 16 என்ற அளவுக்குக் கீலேஷன் வேண்டாம். ஈய அளவு 20-லிருந்து 44 வரை இருந்த 780 அமெரிக்கக் குழந்தைகளுக்கு டிஎம்எஸ்ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-இல் வெளியானது. இரத்த ஈயம் இறங்கியது, அறிவுத்திறன் சோதனையில் வேறுபாடு இல்லை. ஈயம் ஏறாத எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது கற்கும் திறன் கெட்டது என்று 2007-இல் ஓர் ஆய்வு சொன்னது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி, 5-ஐத் தாண்டினால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. குழந்தைகளுக்கு மருந்தைப் பரிந்துரைப்பது 45-இலிருந்துதான்.

அந்தப் பிள்ளைக்கு ஈயம் அப்பாவின் சட்டையில்தான் வந்திருக்கும். வேலை உடுப்பைத் தனியாக, தனி வாளியில் துவையுங்கள். செருப்பு, சாப்பாட்டுப் பை, வண்டி இருக்கை அனைத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் மெழுகுங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் இரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இருக்கிறதா? அது வெள்ளீயம் என்ற வேறு உலோகத்தால் செய்யப்பட வேண்டியது. காரீயம், அதாவது நாம் பேசும் ஈயம், கலந்திருந்தால் புளிநீரில் கரையும். ஐயம் தீரும்வரை அதைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

ராணிப்பேட்டைக்காரர்

சற்று விலகிய செய்தி என்றாலும் நம் பக்கத்தவர்களுக்குத் தேவை என்பதால் சொல்கிறேன். எங்கள் ஊரில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுமேட்டையும் தோல் தொழிற்சாலைகளையும் சொல்லிப் பயமுறுத்தி, குரோமியத்துக்கும் இதே டிரிப்பை விற்கிறார்கள். ஆறிணைதிற குரோமியம் என்ற அதன் நச்சு வடிவத்தை உடலிலிருந்து எடுக்க இடிடிஏ உதவும் என்பதற்குச் சான்று இல்லை. எங்களுக்கு வேண்டியது மாற்றுக் குடிநீர்; அதைப் பாட்டிலில் தொங்கவிட முடியாது.

காட்பாடிவாசி

அனைவருக்கும் நன்றி. நேற்று அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, "எல்லாம் ஒரே இடிடிஏதான்" என்று பதில் வந்தது. முன்பணம் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டோம். தம்பி திங்கட்கிழமையிலிருந்து கொட்டகைக்குப் போகவில்லை. மாமா கடையில் கணக்கு எழுதுகிறான், கூலி பாதிதான். ஈயச்சொம்பைப் பரணில் ஏற்றியதற்கு அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. அடுத்த மாதம் இருவருக்கும் இரத்தம் எடுத்ததும் எண்களை இங்கே எழுதுகிறேன்.