கலெட் தெ ருவா: உள்ளே காசு வைக்கலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பிரான்சில் இருக்கும் அத்தை மகள் போன வருஷம் வந்தபோது கலெட் தெ ருவா என்கிற பிரெஞ்சு 'ராஜாக்கள் கேக்' செய்து கொடுத்தாள், மேலே மொறுமொறு அடுக்கு மாவு, உள்ளே பாதாம் கிரீம். வருகிற ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு லயத்துப் பிள்ளைகளுக்கு நானே செய்யப்போகிறேன். யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க உள்ளே ஒளித்துவைக்கும் குட்டிப் பொம்மை இங்கே கிடைக்காது. இருபது சென் காசு சரிவருமா?

பதில்: காசு வேண்டாம் அக்கா, பல் போய்விடும். ஒரு முழு பாதாம் போதும். உள்ளே ஒளிக்கும் பொருளுக்கு அங்கே 'ஃபெவ்' என்றுதான் பெயர், அவரை விதை என்று அர்த்தம். பீங்கான் பொம்மையெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் வந்த பழக்கம். ஓரமாக வையுங்கள், நடுவில் வைத்தால் கத்தி இடிக்கும்.

பதில்: முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. வீட்டிலேயே சின்னப் பிள்ளை மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் கள்ளாட்டம் இருக்காது. ஃபெவ் கிடைத்தவர்தான் அன்றைக்கு ராஜா, அவருக்குத் தங்க அட்டைக் கிரீடம். ஒரு துண்டு அதிகமாக வெட்டி, வாசலுக்கு வரும் ஏழைக்கென்று எடுத்துவைப்பதும் பழைய வழக்கம். தென் பிரான்சில் இதே நாளுக்கு வேறு மாதிரி, பழத்துண்டுகள் பதித்த வளைய ரொட்டி.

பதில்: நம்ம வெக்கையில் மாவு வெண்ணெய் உருகி ஒழுகும், அடுப்பில் வைக்குமுன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்புறம் ஒரு வேடிக்கை, பிரான்ஸ் அதிபர் மாளிகைக்குப் போகும் கலெட்டில் ஃபெவ்வே கிடையாது. குடியரசில் ராஜா எதற்கு!

சரி, பாதாமே வைக்கிறேன். மேசைக்கு அடியில் என் தங்கச்சி மகன்தான், ஆனால் அவன் வாயை அடைப்பது கஷ்டம்.