மிட்டிகேஷன் ஃபண்டுக்குத் தமிழ்: ‘தணிப்பு நிதி’ போதுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நாளிதழ் ஒன்றில் இரவுப் பணி பார்ப்பவன் நான். எனக்குக் கலைச்சொல் தேவைப்படுவதெல்லாம் இரவு பத்தரைக்கு மேல், பக்கத்தை முடிக்கச் சொல்லி அச்சகத்திலிருந்து தொலைபேசி வரும் நேரத்தில்தான். அப்படியொரு அவசரத்தில் வைத்த தலைப்பு ஒன்று இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

2023 டிசம்பர் 7. மிக்ஜாம் புயல் மழை விட்டும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்களில் தண்ணீர் வடியவில்லை. அன்று மத்திய அரசு இரண்டு அறிவிப்புகளைச் சேர்த்து வெளியிட்டது. ஒன்று, மாநிலப் பேரிடர் நிதிக்குத் தன் பங்கின் இரண்டாம் தவணை, 450 கோடி ரூபாய். மற்றது, சென்னைப் படுகையில் வெள்ளத்தைச் சமாளிப்பதற்கான 561.29 கோடி ரூபாய்த் திட்டம். அதில் 500 கோடி, பேரிடரின் பாதிப்பை முன்கூட்டியே குறைப்பதற்கான தேசிய மிட்டிகேஷன் ஃபண்டிலிருந்து வருவது. முன்னது வந்துவிட்ட வெள்ளத்துக்கு. பின்னது இனி வரப்போகும் வெள்ளத்துக்கு. நான் இரண்டையும் கூட்டி ‘வெள்ள நிவாரணம் 1,011 கோடி’ என்று கொட்டை எழுத்தில் போட்டேன். அடுத்த வாரம் எங்கள் தெருத் தேநீர்க் கடையில் ஒருவர் என்னிடமே கேட்டார்: “ரேஷன் கடையில் ஆறாயிரம் தருகிறார்கள், சரி. அந்த ஆயிரம் கோடியை எப்போது தருவார்கள்?”

மிட்டிகேஷனுக்கு அகராதியில் ‘தணிப்பு’ இருக்கிறது என்பீர்கள். ஆனால் தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, கோபம் தணிகிறது. முருகன் சினம் தணிந்த மலை தணிகை. எல்லாமே முதலில் பற்றி எரிந்துவிட்டுப் பிறகு அடங்குபவை. வராத வெள்ளத்தை எப்படித் தணிப்பது? ‘பேரிடர் தணிப்பு நிதி’ என்று படிக்கிறவர் அதையும் நிவாரணம் என்றே எடுத்துக்கொள்கிறார். ‘முன்காப்பு நிதி’ என்று வைத்தால் என்ன? கருத்துச் சொல்லுங்கள்.

* * *

> ‘முன்காப்பு நிதி’ என்று வைத்தால் என்ன?

தம்பி, காப்பு என்றாலே இப்போது காப்பீடுதான் நினைவுக்கு வருகிறது. பிரீமியம் கட்டும் திட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது போகட்டும், நீங்கள் ஒரு சொல் கேட்கிறீர்கள், தேவைப்படுவது இரண்டு.

பொதுப்பணியில் முப்பது ஆண்டு ஏரிக்கரையில் நின்றவன் சொல்கிறேன். செப்டம்பர் மாதம் மணல் மூட்டை கட்டி அடுக்குவோம், சவுக்குக் கட்டை வாங்கிப் போடுவோம், மோட்டார் பம்பை ஓட்டிப் பார்ப்போம். வெள்ளம் வரத்தான் போகிறது, வந்தால் கையில் ஆயுதம் இருக்கட்டும் என்ற கணக்கு. கரையை உயர்த்துவது, உபரிநீர் வழியும் கலங்கலை அகலப்படுத்துவது, போக்குக் கால்வாயில் ஆக்கிரமிப்பை எடுப்பது இவையெல்லாம் வேறு. அந்த வெள்ளம் ஊருக்குள் வராமலோ, வந்தாலும் முழங்காலோடு நிற்கும்படியோ செய்கிற வேலை. முதல் வகைக்கு நாங்கள் எப்போதும் சொல்வது ‘முன்னேற்பாடு’. பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டம் என்றுதான் சுற்றறிக்கை வரும். அதை மாற்றாதீர்கள். இரண்டாவதற்குத்தான் சொல் இல்லை.

ஒரு சம்பவம். ஒரு மதகின் ஷட்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. மேலே இருக்கும் சக்கரத்தை நான்கு பேர் பிடித்துத் திருகினாலும் அசையாது. திருகுத்தண்டை மாற்ற மதிப்பீடு போட்டு அனுப்பினேன். ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. மறு ஆண்டு கரை உடைந்தது. உடைப்பை அடைக்க நான் கேட்டதைப் போல அறுபது மடங்கு பணம் ஒரே வாரத்தில் வந்தது. புதுத் திருகுத்தண்டும் அந்தப் பணத்தில்தான் வாங்கினோம்; கணக்கில் அது நிவாரணம்!

* * *

பொறியாளர் ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்களிடம் பேரிடர் என்பது ‘அனர்த்தம்’. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் அனர்த்த முகாமைத்துவச் சட்டம்தான். அர்த்தத்தை அனர்த்தமாக்கிவிட்டோம் என்று தமிழகத்து நண்பர்கள் கேலி செய்வது தெரியும். பரவாயில்லை. ஆனால் ஐயாவின் ‘முன்னேற்பாடு’ இங்கே ‘முன்னாயத்தம்’. இரண்டும் நல்ல சொற்கள். இரண்டையும் பட்டியலில் வைக்கலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. ‘நிதி’ என்ற ஒரு சொல்லின் முதுகில் எத்தனை மூட்டை ஏற்றுகிறீர்கள்! பணமும் நிதி, பணம் கொடுப்பதும் நிதி, பணத்தைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடும் நிதி. சேர்த்துவைக்கும் ஏற்பாட்டை நாங்கள் ‘நிதியம்’ என்கிறோம். சர்வதேச நாணய நிதியம் என்று நீங்களும் எழுதுகிறீர்களே, அதே நிதியம்தான். கொடுப்பது ‘நிதியளிப்பு’. உங்கள் பத்திரிகைகளில் கொசஸ்தலையாற்று வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி ‘நிதி’ என்றும் படிக்கிறேன், ‘கடனுதவி’ என்றும் படிக்கிறேன். திருப்பிக் கட்ட வேண்டியது எப்படி நிதி ஆகும்? வட்டி வாங்குகிறவனுக்கு உதவி என்று பட்டம் வேறு.

* * *

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன ‘நிதியம்’ என் மேசைக்கு வந்துவிட்டது, நன்றி. கடனைக் கடன் என்றே எழுதுவதாக வாக்களிக்கிறேன், என் பணி நேரத்தில் மட்டும்.

பொறியாளர் ஐயா சொன்ன இரண்டையும் வைத்துக்கொண்டு, மத்திய அரசின் வரிப் பணத்தை மாநிலங்களோடு பகிரப் பரிந்துரைக்கும் பதினைந்தாம் நிதிக்குழுவின் பங்கீட்டைத் திரும்பப் படித்தேன். 2021 முதல் 2026 வரை மாநிலங்களின் பேரிடர்ப் பணத்தில் 20 விழுக்காடு மிட்டிகேஷனுக்கு. மீதி 80, ‘ரெஸ்பான்ஸ் ஃபண்ட்’. அந்த 80க்குள் 40 மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 மறுகட்டமைப்புக்கு, 10 முன்னேற்பாட்டுக்கு. அதாவது ஐயாவின் மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் இருக்கும் பெட்டிக்கு நாம் தமிழில் ஒட்டியிருக்கும் பெயர் ‘நிவாரண நிதி’! தணிப்பைப் பற்றி நான் புலம்பியது பாதிக் குற்றம்தான். பெரிய குற்றவாளி இங்கே இருக்கிறான். அதே ‘ரெஸ்பான்ஸ்’ தேசியப் பேரிடர்ப் படைக்குப் பெயராகும்போது ‘மீட்புப் படை’. படைக்கு மீட்பு, பணத்துக்கு நிவாரணம். மழைக்கு முன்னால் செய்வதற்கு இரண்டிலும் இடமில்லை.

இன்னொன்று: தேசிய மிட்டிகேஷன் நிதியத்தில் ஏழு பெருநகரங்களின் வெள்ளத்துக்கென்றே 2,500 கோடியை அந்தக் குழு தனியே பரிந்துரைத்தது. மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்குத் தலா 500. பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனேவுக்குத் தலா 250. மேலே சொன்ன 500 கோடி இதுதான். பரிந்துரை 2021இல் தொடங்கும் ஐந்தாண்டுக்கு. ஒப்புதல் புயலுக்குப் பிறகு. முன்கூட்டியே செலவிட வேண்டிய பணத்துக்கே வெள்ளம் வந்துதான் ஒப்புதல் கிடைக்கிறது என்றால், என் தலைப்பைக்கூட முழுப் பிழை என்று சொல்ல முடியவில்லை.

என் முன்மொழிவு இது. ‘ரெஸ்பான்ஸ்’ என்பதற்கு ‘எதிர்கொள்ளல்’: பேரிடர் எதிர்கொள்ளல் நிதியம். ‘மிட்டிகேஷன்’ என்பதற்கு ‘இடர்குறைப்பு’: இடர்குறைப்பு நிதியம். ‘தடுப்பு’ வேண்டாம், புயலைத் தடுக்க யாராலும் ஆகாது. ‘வருமுன் காப்போம்’ அழகுதான், ஆனால் அந்தப் பெயரை மருத்துவ முகாம்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ‘முன்காப்பு’ என்ற என் பிள்ளையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

* * *

> பேரிடர் எதிர்கொள்ளல் நிதியம்

எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டாரைத்தான் எதிர்கொண்டு அழைப்போம் தம்பி. சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் சொம்போடு. புயலுக்கும் அதே மரியாதையா? ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: மாப்பிள்ளை வருவதற்கு முந்தின நாளே பந்தல் போட்டுவிடுவோம். அந்த வகையில் சொல் பொருந்துகிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

‘இடர்குறைப்பு’ சரி. கரையை உயர்த்துகிறவனுக்குப் புரியும் சொல். பழைய கல்வெட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஏரியைப் பேண நிலத்தை ஒதுக்கி ‘ஏரிப்பட்டி’ என்று பெயர் வைத்தார்கள். எதற்கான வருமானம் என்று பெயரிலேயே இருக்கும். ‘மதகுத் திருகுத்தண்டு நிதியம்’ என்று ஒன்று இருந்திருந்தால் என் மதிப்பீடு திரும்பி வந்திருக்காது.

* * *

ஐயா, அக்கா, ‘இடர்குறைப்பு நிதியம்’, ‘எதிர்கொள்ளல் நிதியம்’, ‘முன்னேற்பாடு / முன்னாயத்தம்’ மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். ‘இடர்க்குறைப்பு’ என்று ஒற்று மிக வேண்டும் என்று இதற்குள் தனி மடலில் இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ‘நீர்குடித்தான்’ போல மிகாது என்று பதில் எழுதியிருக்கிறேன். மணி பத்து ஐம்பது. வடிகால் செய்தி ஒன்று பக்கத்தில் காத்திருக்கிறது. ஒற்று இல்லாமலேயே அனுப்புகிறேன்.