பைக்குக்கு ஸ்பீக்கர் வாங்கும்முன்: வாட்ஸ் கணக்கு, பெட்டி, ஒயரிங்

(நாலு பேர் மாறி மாறிச் சொல்லும் யோசனைகள் இவை. ஒயரிங் பட்டறை, நாலு இஞ்சு கோன், லாங் ரைடர், மழைக்கோட்டு என்பவை அவரவர் புனைபெயர்.)

ஒயரிங் பட்டறை:
பெட்டியில் "1000 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், முதலில் ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே 120 வாட்ஸ்தான். மீதி 880 எங்கிருந்து வரும்? ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கொடுக்கும் வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள், கடைக்காரர் முழித்தால் அடுத்த கடை.

அதைவிடப் பெரிய கேள்வி, வண்டி எவ்வளவு கொடுக்கும் என்பது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது, அந்தச் செலவு எப்போதும் ஓடிக்கொண்டேயிருக்கும். மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். இன்ஜின் நின்றபடி 12.6 வோல்ட், சுமார் 3000 ஆர்.பி.எம்.மில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் நலம். பிறகு ஐடிலில் விட்டு, பிரேக்கை அழுத்தி, இண்டிகேட்டரும் போடுங்கள். அப்போதே 13-க்குக் கீழே விழுந்தால் இனி ஏற்ற இடமில்லை, சிக்னலுக்கு சிக்னல் பேட்டரிதான் பாட்டுக்குக் கரண்ட் கொடுக்கும்.

ஆம்ப்ளிஃபயர், கரண்டைச் சிக்கனமாக எடுக்கும் கிளாஸ் டி வகையாகவே இருக்கட்டும். கிளாஸ் ஏபி தின்னும் கரண்டில் பாதிக்குப் பாதி வெறும் சூடாகப் போகிறது. இரண்டு பக்கமும் 25 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். கொடுக்கும் கிளாஸ் டி, உச்சத்தில் 5 ஆம்பியர் இழுக்கும், சாதாரணப் பாட்டில் 1 முதல் 2 வரைதான். 350 சி.சி. வண்டி இதைத் தாங்கும். 3, 4 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி வைத்த 100 சி.சி. வண்டியை டீக்கடையில் இன்ஜின் ஆஃப் பண்ணி நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பாட்டு ஓடவிட்டால், கிளம்பும்போது ஸ்டார்ட்டர் "டிக் டிக்" என்று மட்டும் சொல்லும். கிக்கர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் தள்ளினாலும் லேசில் எடுக்காது. பெட்ரோல் பம்ப்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வுக்கும் கரண்ட் வேண்டுமே.

நாலு இஞ்சு கோன்:
அண்ணன் சொன்னதோடு சென்சிட்டிவிட்டியையும் பாருங்கள், அதாவது அதே வாட்ஸுக்கு ஸ்பீக்கர் எத்தனை டி.பி. (டெசிபல்) சத்தம் தரும் என்பதை. 88 டி.பி. ஸ்பீக்கருக்கும் 91 டி.பி. ஸ்பீக்கருக்கும் உள்ள 3 டி.பி. வித்தியாசம், வாட்ஸை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஆம்ப்ளிஃபயரில் காசைக் கொட்டுவதைவிட இது மலிவு.

பேஸ் ஆசையை விட்டுவிடுங்கள். காருக்குள் அதிரும் பேஸ் திறந்தவெளியில் வராது. கோனின் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் பின்புறம் மூடிய பெட்டி கட்டாயம். காருக்கு விற்கும் ஸ்பீக்கரைத் தகரக் கிளாம்பில் மாட்டினால் கரகரப்பு மட்டும்தான் மிஞ்சும். 3 அல்லது 4 இஞ்சுக்கு ஹை-பாஸை (தாழ்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டர்) 120 ஹெர்ட்ஸில் வையுங்கள். கோன் வீணாக ஆடாது, குரல் தெளிவாகும், கரண்டும் மிச்சம்.

காகிதக் கோன், ஃபோம் ஓரம் வேண்டாம். பாலிபுரப்பிலீன் கோன், ரப்பர் ஓரம்.

ஓம்ஸும் (ஸ்பீக்கரின் மின்தடை) கவனம். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரே சேனலில் இணையாகப் போட்டால் 2 ஓம். குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயர் சூடேறி அடிக்கடி தானாக நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

லாங் ரைடர்:
இவ்வளவும் ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு. வேகம் 60, 70 கி.மீ.யைத் தாண்டினால் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலே 90 டி.பி.யை நெருங்கும். அதற்கு மேல் ஹேண்டில்பார் ஸ்பீக்கரை அலறவிட்டால் பக்கத்து பஸ்ஸில் இருப்பவர் கேட்பார், ஓட்டுகிறவருக்குக் கேட்காது. ஹைவே ஓட்டம் அதிகமென்றால் ஹெல்மெட் ஸ்பீக்கர்தான். உள்ளே 40 மி.மீ. டிரைவர் (ஒலி எழுப்பும் வட்டு) போதும், ஆனால் காதுத் துளைக்கு நேர் எதிரே உட்காரவேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் சத்தம் பாதியாகும். "சவுண்டே இல்லை" என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல இடம் மாறி ஒட்டியவைதான். காது மடலை அழுத்தாத கனத்துக்கு வெல்க்ரோ அடுக்குங்கள். லாரி ஹார்ன் கேட்கும் அளவுக்குமேல் வைக்காதீர்கள்.

ஒயரிங் பட்டறை:
ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மாட்டத்தான் போகிறேன் என்பவருக்கு இணைப்பு முறை இது. பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து நாலு பின் ரிலேயில் (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) 30 என்ற எண் போட்ட பின்னுக்கு. 87 ஆம்ப்ளிஃபயருக்கு. 86-க்கு, சாவி போட்டால் கரண்ட் வரும் ஒயர், டெயில் லைட் பாசிட்டிவ் வசதிப்படும். 85 எர்த். மெயின் ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம்., ஸ்பீக்கர் ஒயர் 1. ரிலே இல்லாமல் டெயில் லைட் லைனிலேயே முழு லோடையும் ஏற்றினால் ஒருநாள் ஃபியூஸ் போகும், பாட்டோடு லைட்டும் அணையும். வாரண்டி உள்ள வண்டியில் ஒரிஜினல் ஒயரை வெட்டவே வெட்டாதீர்கள், கப்ளர் (செருகும் இணைப்பான்) வைத்துக் கிளை எடுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் நெகட்டிவ்வை சேசிஸில் போல்ட் போடாமல் நேராக பேட்டரிக்கே கொண்டுபோங்கள். ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்கக் கூடவே ஏறும் "ஙீ" சத்தத்தில் பெரும்பாலானது அங்கேயே தீரும். போனை யு.எஸ்.பி. சார்ஜரிலும் ஆக்ஸ் ஒயரிலும் சேர்த்துச் செருகும்போது மட்டும் வந்தால் அது கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இரண்டு வழியாக இணைந்து உண்டாகும் இரைச்சல். புளூடூத்துக்கு மாறினால் போதும்.

ஈயத்தால் பற்றவைப்பதைவிட லக் (ஒயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை) அடிப்பது மேல். ஈயம் முடியும் ஓரத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் முறியும். மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். இன்சுலேஷன் டேப் நம்ம ஊர் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். கட்டிமுடித்ததும் ஹேண்டிலை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பிப் பாருங்கள். கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) பக்கம் உரசித் தோலுரியும் ஒயர்தான் பின்னாளில் ஷார்ட் ஆகும்.

நாலு இஞ்சு கோன்:
மூடும்முன் 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஸ்பீக்கர் முனையில் ஒரு நொடி தொடுங்கள். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் இருந்தால் கோன் முன்னே குதிக்கவேண்டும். ஒன்று முன்னே, ஒன்று பின்னே போனால் ஒரு பக்கம் ஒயர் மாறியிருக்கிறது. இருக்கிற கொஞ்சநஞ்ச பேஸும் அதில் போய்விடும்.

மழைக்கோட்டு:
வாட்டர் சர்வீஸ் விடுகிறவர்களுக்கு ஒன்று. ஸ்பீக்கர் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதை ஐ.பி. எண் சொல்லும். அதில் ஐ.பி.எக்ஸ்.7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முங்குவதற்கான சோதனை. பீய்ச்சும் தண்ணீருக்கான சோதனை 5, 6. ஏழு என்று மட்டும் போட்டிருப்பது பைப் பீய்ச்சலைத் தாங்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஐ.பி.66 பாதுகாப்பான தேர்வு. ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

லாங் ரைடர்:
கிளாம்ப் வாங்கும்போது ஹேண்டில்பார் கனத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான நம் வண்டிகளில் 22 மி.மீ., ஹார்லி வகையறாவில் 25.4. பாட்டுக்காகப் போனை ஹேண்டில்பாரில் மாட்டுவதாக இருந்தால் அதிர்வைத் தணிக்கும் டேம்பர் சேர்த்து வாங்குங்கள். பெரிய இன்ஜின் பைக்கின் அதிர்வு கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது. புளூடூத்தில்தானே பாட்டு வருகிறது, வழி பார்க்கத் தேவையில்லாதபோது போன் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.